கோழிக்கூட்டில் தொடங்கி பொகவந்தலாவை வரை

ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலானோர் பாவா ஆதம் மலைக்குப் போகிறவர்கள். டிசம்பர் மாதப் போயா வந்து விட்டால் மஸ்கெலியா பஸ்களில் கால் வைக்க இடமிராது. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கி அந்த மலைக்குச் சென்ற வரலாற்றை நம்மில் பலர் பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். நாங்களும் அந்த வழியாகத்தான் போனோம். ஆனால் டிக்கோயாவைத் தாண்டி நோர்வூட் வந்ததும் கூட்டமெல்லாம் மஸ்கெலியாப் பக்கம் திரும்ப, எங்கள் வாகனம் மட்டும் பொகவந்தலாவைப் பாதையில் ஏறியது.

"அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கு?" என்று நோர்வூட் தேநீர்க் கடைக்காரர் கேட்டார்.

"ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கல்லறை" என்றார் என் கணவர். கடைக்காரர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பொகவந்தலாவை ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலை, மலை முழுவதும் தேயிலை. தேயிலைத் தொழிலில் உள்ளவர்கள் இதைத் தங்கப் பள்ளத்தாக்கு என்று பெருமையாக அழைப்பார்கள். கெசல்கமு ஓயா இதனூடாக இறங்கிப் போய்த்தான் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. நாங்கள் போன வேளை மழை ஓய்ந்து பனிமூட்டம் கலைந்து கொண்டிருந்தது. புனித மரியாள் தேவாலயம் சிறியது. அதன் வளவிலே, ஈரப் புல்லுக்கு நடுவில், நாம் தேடி வந்த பெண்மணியும் அவருடைய கணவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

கணவரின் பெயரை எங்கள் மூத்த மகள் உடனே அடையாளம் கண்டு கொண்டாள். இராஜகாரிய முறையை ஒழித்து, சட்டநிரூபண சபையை உண்டாக்கிய 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் பற்றிப் பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை நம் நாட்டில் உண்டா? அந்தக் கமரன்தான் இவர். சார்ள்ஸ் ஹே கமரன். 1880இல் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1879 ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு தோட்ட பங்களாவில் இறந்தவர் அவருடைய மனைவி ஜூலியா மார்கிரட் கமரன்.

கணவரை நமது பாடநூல் நினைவு வைத்திருக்கிறது. ஆனால் உலகம் நினைவு வைத்திருப்பது மனைவியை. புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தப் பெண்ணின் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

"உம்மா, கமரன் என்ற பெயரிலிருந்துதானா கமரா என்ற சொல் வந்தது?" என்று இளைய மகள் கேட்டாள். அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மகள் கொடுத்த பரிசு

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். 1838இல் தம்மைவிட இருபது வயது மூத்த கமரனை மணந்து, ஆறு பிள்ளைகளுக்குத் தாயானார். பின்னர் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்று, வைட் தீவில் பிரெஷ்வோட்டர் என்ற கடலோர ஊரில் குடியேறியது. வீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் டிம்போலா. இலங்கையில் அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. நமது திம்புள்ளைதான் அங்கே டிம்போலா ஆயிற்று.

1863 டிசம்பரில் ஜூலியாவுக்கு வயது 48. ஒரே மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். ஆண் பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். பெரிய வீட்டில் தாய் தனித்திருந்தாள். இந்த நிலையை நம் தாய்மாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தனிமைக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அந்நாளையக் கமரா ஒரு மரப்பெட்டி. பிலிம் என்பதே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்கு முன்னரே படம் எடுத்து, காய்வதற்கு முன்னரே கழுவியும் விட வேண்டும். வெள்ளி நைத்திரேற்று பட்ட கை கறுத்துப் போகும். துணியில் பட்டால் கறை போகாது. படம் பதியும் வரை எதிரில் இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும்.

இத்தனையையும் அந்த அம்மையார் வீட்டிலேயே, தாமே பழகிக் கொண்டார். இதற்கென்று ஒரு கட்டடம் கட்டவில்லை. கோழிகளை வெளியேற்றி விட்டுக் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் அறையாக்கினார். நிலக்கரி போட்டு வைத்திருந்த இடத்தை இருட்டறையாக்கினார். 1864 ஜனவரியில், கமரா கைக்கு வந்த சில வாரங்களுக்குள்ளேயே, ஊரில் இருந்த ஒரு சிறுமியின் படம் அவருக்குச் சரியாக வந்தது. தமது முதலாவது வெற்றி என்று அதை அவரே குறித்து வைத்தார்.

படத்துக்கு ஆள் தேடி அவர் தொலைவுக்குப் போகவில்லை. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கணவர், பக்கத்து வீட்டுக் கவிஞர் டெனிசன், அவரைக் காண வந்த விருந்தாளிகள் - கையில் அகப்பட்டவர்களை எல்லாம் கோழிக்கூட்டுக்குள் இழுத்துக் கொண்டு போய் உட்கார வைத்தார். படங்கள் தெளிவில்லை, கைரேகை படிந்திருக்கிறது என்று அக்காலத்து நிபுணர்கள் குறை சொன்னார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. 1865இலேயே இலண்டனின் பெரிய அரும்பொருட்சாலை ஒன்று - இன்று விக்டோரியா அல்பேர்ட் அரும்பொருட்சாலை என்று அழைக்கப்படுவது - அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது. நிபுணர்களின் பெயர்கள் இன்று யாருக்கும் ஞாபகமில்லை.

பெயரில்லாதவர்கள்

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கே வந்து விட்டார்கள். முதியவரான கணவருக்குத் தோட்டத்தின் மீது தீராத ஆசை. ஆண் பிள்ளைகளும் இங்கே இருந்தார்கள். ஆனால் 1869இல் கண்ட இலைத்துரு நோய் அப்போது கோப்பியைத் தின்று கொண்டிருந்தது. குடும்பத்தின் செல்வமும் அதனோடு தேய்ந்தது.

அம்மையார் தோட்டத்திலும் களுத்துறையிலுமாக வசித்தார். பேருவளை, தர்கா நகர்ப் பக்கத்து வாசகியருக்குக் களுத்துறையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மகன் ஒருவர் அங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். உலகம் சுற்றி மரஞ்செடிகளை ஓவியமாகத் தீட்டி வந்த மரியான் நோர்த் என்ற ஆங்கிலப் பெண்மணி 1877இல் அந்த வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். அவரையும் அம்மையார் படம் பிடித்தார். அக்கம்பக்கத்து ஊராரையும், தோட்டத்து வேலையாட்களையும் பிடித்தார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை சொற்பமே.

அந்தப் படங்களைப் புத்தகத்தில் பார்த்தபோது என் மனதைத் தைத்த விடயம் ஒன்று உண்டு. மரியான் நோர்த் படத்தின் கீழே மரியான் நோர்த் என்று பெயர் இருக்கிறது. 1878ஆம் ஆண்டில் எடுத்த மற்றொன்றின் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பது. அவ்வளவுதான். அவர்கள் யார், யாருடைய உம்மா, யாருடைய மகன், எந்த வீதியில் வீடு - ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் நாட்டவரின் பெயர் தெரியவில்லை. அந்த முகங்கள் இன்று பெறுமதி மிக்க கலைப் பொருட்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் களுத்துறையில் இருக்கக் கூடும். அது தங்களுடைய மூதாதை என்று அறியாமலே அவர்கள் அந்தப் படத்தைக் கடந்து போகவும் கூடும்.

அம்மையார் மீது இதற்காகக் கோபப்பட எனக்கு மனமில்லை. அவர் தமது வீட்டை, தமது ஆட்களை, தமக்குத் தெரிந்த பெயர்களோடு படமெடுத்தார். நமது வீட்டை நாம் எடுத்திருக்க வேண்டும்.

லயத்து வாசலில்

தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு வளைவில் வாகனத்தை நிறுத்தினோம். பாதையோரத்திலேயே பெண்கள் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தார்கள். மகள் கைத்தொலைபேசியை எடுத்து, "படம் எடுக்கவா மாமி?" என்று அவர்களில் மூத்தவரிடம் கேட்டாள்.

"எடுங்க தங்கச்சி. எத்தனையோ பேரு வந்து எடுத்துட்டுப் போறாங்க. ஒண்ணையாச்சும் நாங்க கண்ணால கண்டதில்ல" என்றார் அவர், கை ஓயாமலே.

மகள் தொலைபேசியை இறக்கி விட்டாள். அவர் சிரித்தார். "எடுக்கிறதுன்னா நாலு மணிக்கு லயத்துக்கு வாங்க. எங்க மாமியாரோட சேத்து எடுங்க. அவங்களுக்கு ஒரு படமும் இல்ல."

போனோம். அவர் முகம் கழுவி, தலை வாரி, வேறு சேலை உடுத்தியிருந்தார். மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து இஸ்தோப்பில் ஒரு கதிரையில் இருத்தினார். பேரப்பிள்ளைகள் ஓடி வந்து ஒட்டிக் கொண்டார்கள். பின்னாலே நீலச் சுவர். ஒரு பக்கத்தில் விறகுக் கட்டு. தேயிலை மலை அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. எல்லோருடைய பெயரையும் மகள் கேட்டு எழுதிக் கொண்டாள். ஊருக்கு வந்து பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினோம்.

வெளியார் அவரைப் பார்க்க வரும்போது தேயிலைக்கு நடுவே ஒரு கூடையோடு பார்க்கிறார்கள். அவர் தம்மைப் பார்ப்பதோ வீட்டு வாசலில், மாமியாருக்குப் பக்கத்தில். எந்தப் படம் அவருடையது என்பதை அவரே சொல்லி விட்டார்.

நம்மிடம் எஞ்சியவை

நம் வீட்டு அல்பங்களைத் திறந்து பாருங்கள். கலியாணம், பெருநாள், ஹஜ்ஜுக்குப் போகும் போது வாசலில் நின்றது, பாடசாலைப் பரிசளிப்பு - இவைதான் இருக்கும். எல்லோரும் புது உடுப்போடு, நேராக நின்று, கமராவைப் பார்ப்பார்கள். வருடத்தின் 365 நாளில் நான்கைந்து நாட்கள்தான் அந்த அல்பத்தில் உண்டு. மிகுதி நாட்களில் நாம் வாழ்ந்த வாழ்வு அதில் இல்லை.

அந்த நான்கைந்து நாட்களைக் கூட இழந்தவர்கள் நமக்குள் ஏராளம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் தங்கள் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அல்பத்தை யார் எடுப்பார்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி மருதமுனையிலும், சாய்ந்தமருதிலும், காத்தான்குடியிலும், அம்பாந்தோட்டையிலும் கடல் வந்தபோது ஆட்களையே காப்பாற்ற முடியவில்லை. படங்களைப் பற்றிப் பேசவே வாய் வராது.

புத்தளத்தில் எங்களுக்கு உறவான ஒரு மாமி இருக்கிறார். சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். பொகவந்தலாவைப் பயணத்தைச் சொன்னபோது அவர் சொன்னார்: "கலியாணப் படம் போனது எனக்குப் பெரிய கவலை இல்ல மகள். உம்மா மா இடிக்கிற மாதிரி ஒரு படம் இருந்திருந்தாக் காணும். கிணத்தடியும், அந்த எலுமிச்ச மரமும் விழுந்த மாதிரி ஒண்டு. பிள்ளையளுக்கு எங்கட வீடு இப்படித்தான் இருந்தது எண்டு வாயால சொல்லுறன், அதுகளுக்கு விளங்குதில்ல."

மா இடிக்கும் உம்மாவை யாரும் படமெடுக்கவில்லை. தினமும் நடக்கிற வேலையை எவராவது படமெடுப்பார்களா என்று அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். தினமும் நடப்பதால்தான் அது எப்போதும் நடக்கும் என்று நம்பி விடுகிறோம்.

இருட்டறை என்றால் என்ன?

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். கமரா என்ற சொல் கமரனிடமிருந்து வரவில்லை. அது இலத்தீன் சொல். அறை என்பது பொருள். 'கமரா ஒப்ஸ்கியூரா' என்றால் இருட்டறை. ஓர் இருட்டறையின் சுவரில் சிறு துவாரம் இருந்தால், வெளியேயுள்ள காட்சி அதனூடாக உள்ளே விழுந்து எதிர்ச் சுவரில் தலைகீழாகத் தெரியும். இதை ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர்களில் முதன்மையானவர் நமது இப்னுல் ஹைதம். 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் மறைந்தவர். ஒளியைப் பற்றிய அவரது பெருநூல் கிதாபுல் மனாழிர். கிரகணத்தின் வடிவம் பற்றித் தனியாகவும் ஒரு நூல் எழுதினார்.

இந்த ஆராய்ச்சியை ஓட்டுக் கூரை வீட்டில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் தன்னை அறியாமல் செய்திருக்கிறது. ஓட்டு இடுக்கால் வரும் வெயில் தரையில் வட்டமாக விழும். இடுக்கு கோணலாக இருந்தாலும் விழுவது வட்டந்தான். ஏனென்றால் அது இடுக்கின் வடிவமல்ல, சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது அந்த வட்டங்கள் எல்லாம் பிறை பிறையாக மாறின. மர நிழல்களின் கீழும் நூற்றுக்கணக்கில் பிறைகள் கிடந்தன. கவனித்தவர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

ஆக, கமராவின் மூலப்பொருள் ஒரு வீடும் அதற்குள் நுழையும் வெளிச்சமும்தான். நம் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. சுபஹுக்குப் பிறகு குசினி யன்னலால் வரும் வெளிச்சத்தைப் பாருங்கள். அடுப்புப் புகை அதில் பட்டு எழும்பும். அஸருக்குப் பிறகு வாசல் கதவால் சாய்ந்து விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். திண்ணையில் பன்பாய் இழைத்துக் கொண்டிருக்கும் மூத்தம்மாவின் விரல்களில் அது விழும்போது ஒவ்வொரு ரேகையும் தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். யன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்தினால் முகம் இருண்டு விடும். யன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்தினால் போதும். கோழிக்கூட்டுக்குள் இருந்து ஜூலியா அம்மையார் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

ஒரு கட்டில் விரிப்பு

இன்னொருவரையும் இங்கே அறிமுகம் செய்ய வேண்டும். மேற்கு ஆபிரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோ. அங்கே செய்தூ கெய்த்தா என்றொரு தச்சர் இருந்தார். 1935இல் அவருடைய சிறிய தந்தை செனகலுக்குப் போய் வந்தபோது ஒரு சிறு கமராவைக் கொண்டு வந்து கொடுத்தார். முதலில் குடும்பத்தவரை எடுத்துப் பழகினார். 1948இல் ஸ்டூடியோ தொடங்கினார். ஸ்டூடியோ என்றால் ஒரு முற்றம், சூரிய வெளிச்சம், பின்னாலே தொங்கிய திரை அவருடைய சொந்தக் கட்டில் விரிப்பு.

அந்த விரிப்பின் முன்னால் ஊரே வந்து நின்றது. தலைப்பாகை கட்டிய பெரியவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார், சைக்கிளோடும் வானொலிப் பெட்டியோடும் இளைஞர்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை விரிப்புப் பழசாகி மாறியது. பிற்காலத்தில் படங்கள் எந்த வருடத்தவை என்று அவர் அறிந்து கொண்டது பின்னாலுள்ள துணியைப் பார்த்துத்தான்! 2001இல் அவர் காலமானார். இன்று அந்தப் படங்கள் உலகின் பெரிய காட்சிச் சாலைகளில் தொங்குகின்றன. அவருக்குக் கிடைத்த வசதி ஒரு கட்டில் விரிப்பும் முற்றமும். நம்மில் யாருக்கு அது இல்லை?

நம் வீட்டுத் துணிகளும் இப்படிக் கதை சொல்பவைதான். மருதமுனைக் கைத்தறிச் சாரம், உம்மாவின் தொழுகை உடுப்பு, யன்னல் திரை, கலியாண வீட்டுக்குத் தைத்த ஒரே நிறச் சட்டைகள். படத்தின் ஓரத்தில் அவை இருக்கட்டும். வெட்டி விடாதீர்கள். ஒருநாள் வருடத்தை அவைதான் சொல்லப் போகின்றன.

பேணுதலும் மரியாதையும்

உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கையால் வரைவதையும் கமராவில் பிடிப்பதையும் ஒன்றாகவே கருதி விலகி இருப்போர் இருக்கிறார்கள். கண்ணாடியில் நிழல் விழுவதைப் போன்றதே என்று வேறுபடுத்திப் பார்ப்போரும் இருக்கிறார்கள். நீங்கள் பின்பற்றுகிற ஆலிமிடம் கேட்டு நடந்து கொள்ளுங்கள். ஆனால் முகம் இல்லாமலும் ஒரு வீட்டைப் படமெடுக்கலாம் என்பதை மறந்து விடாதீர்கள். உரலும் உலக்கையும், சுளகில் கிடக்கும் அரிசி, துருவலைக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டை, நோன்புக் கஞ்சிக் கோப்பைகள் வரிசையாக வைத்த மேசை, மடித்து வைத்த முஸல்லா, வாப்பாவின் மூக்குக் கண்ணாடியும் அவர் ஓதிய குர்ஆனும், வாசலில் கழற்றிக் கிடக்கும் செருப்புகள் - பெருநாளன்று எத்தனை சோடி, மறுநாள் எத்தனை சோடி! இவற்றில் எந்த முகமும் இல்லை. ஆனாலும் வீட்டார் எல்லோரும் இருக்கிறார்கள்.

முகம் எடுப்பதானால் சம்மதம் கேளுங்கள். பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். வேலைக்கு வரும் பெண்ணிடமும் கேளுங்கள். அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வீட்டுக்குள் தலை மறைக்காமல் இருக்கும் பெண்களின் படம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இன்று ஒரு படம் கையை விட்டுப் போய் ஊரெல்லாம் சுற்றி வர ஒரு நிமிடம் போதும். அது அமானிதம்.

செய்ய வேண்டியது சிறிது

முன்பு 36 படம் எடுக்க ஒரு பிலிம் சுருள் வாங்க வேண்டும். கழுவக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறோம். தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் போயிற்று. ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது, நோன்புக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் காலத்தில், நல்லதாக இருபது முப்பது படங்களைத் தெரிந்து கடதாசியில் பிரதி எடுங்கள்.

பழைய படங்களை ஒட்டும் பசைத் தாள் அல்பங்களில் வைக்காதீர்கள். பசை காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். வெயில் படும் சுவரிலும், ஈரம் இறங்கும் சுவரிலும் மாட்டாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் தாக்குப் பிடிக்கும். எழுபது, எண்பதுகளின் வர்ணப் படங்கள் சிவந்து மங்கிக் கொண்டிருக்கின்றன. அவற்றை முதலில் கவனியுங்கள். யன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தொலைபேசியாலேயே பிரதி செய்யலாம். ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் ராத்தா வீட்டிலோ நானா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். இரண்டு ஊரிலிருக்கும் படம் ஒரே நாளில் அழியாது. 1990உம் 2004உம் நமக்குப் படிப்பித்த பாடம் இது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் எழுதுங்கள். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும், மை ஊறும். மெல்லிய பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் படத்தோடு உறையில் வையுங்கள். யார், யாருடைய மகள், எந்த ஊர், எந்த வருடம், என்ன வேலை செய்து கொண்டிருந்தார்.

இதில் ஒரு அவசரமும் உண்டு. பழைய படத்தில் வாப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் யாரென்று இன்று உங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கு எண்பது வயதாகியிருக்கும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, அவர் பக்கத்தில் பாயை விரித்து உட்காருங்கள். அல்பத்தை அவர் மடியில் வையுங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும்.